கேஸ் கீசரா, கரண்ட் கீசரா? எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து

போன மார்கழியில் ஒருநாள் விடிகாலை, எங்கள் கேஸ் கீசர் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. குழாயைத் திறந்தால் பற்றவும் இல்லை. ஆறு வருஷப் பெட்டி. "தூக்கிப் போட்டுட்டு 15 லிட்டர் கரண்ட் கீசர் வாங்கிடுங்க சார்" என்றார் கடைக்காரர். வீட்டிலும் அதே பேச்சுதான். நான் மசியவில்லை.

கேஸில் குழாயைத் திறந்ததும் சுடுதண்ணி. கரண்டில் 2 கிலோவாட் பெட்டி 15 லிட்டரைக் காய்ச்ச இருபது நிமிஷம் ஆகும், செலவு முக்கால் யூனிட்டுக்குள் அடங்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பெரிதாகப் பட்டது ரிப்பேர் விஷயம். கோவை ஓரத்தில், போர் தண்ணியில் குடித்தனம் நடத்துகிறவன் நான். பக்கெட் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டுகிற உப்பு.

மூடியைக் கழற்றினேன். கேஸ் கீசரில் தண்ணி நுழையும் இடத்தில் பித்தளை வால்வு ஒன்று, அதற்குள் வட்டமான ரப்பர் டயாஃப்ரம். தண்ணி ஓடினால் ரப்பர் உப்பி ஒரு பின்னைத் தள்ளும். பின் நகர்ந்தால் மைக்ரோ சுவிட்ச் வேலை செய்யும். 'டிக் டிக்' என்று பொறி வரும். எங்கள் ரப்பரில் ஊசி முனை அளவு ஓட்டை, அதனால் பின் அசையவே இல்லை. பின்னைச் சுற்றியிருந்த சின்ன ரப்பர் வளையமும் தேய்ந்து, அந்த வழியாகத்தான் ஒழுகல். ஆக, இரண்டு கோளாறுக்கும் ஒரே வால்வு. டயாஃப்ரமும் வளையமும் சேர்ந்த வாஷர் செட் 200 ரூபாய்க்குள் முடிந்தது. நுழைவாயில் வலையில் அடைத்திருந்த உப்புத் துகளையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன்.

'டிக் டிக்' சத்தமே இல்லையென்றால் முதலில் இரண்டு பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் டயாஃப்ரம், சுவிட்ச். சத்தம் வந்தும் பற்றவில்லையென்றால் ரெகுலேட்டர், கேஸ் டியூப் பக்கம் போக வேண்டும். கேஸ் போகிற பாகங்களில் மட்டும் நான் கை வைப்பதில்லை, மெக்கானிக்தான்.

கரண்ட் கீசரில் சேஃப்டி வால்வு வழியாகச் சூடேறும்போது லேசாகச் சொட்டினால் பயப்பட வேண்டாம், தண்ணி விரிவதால் வருவது. டேங்கே ஒழுகினால்தான் சிக்கல். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும். உப்புத் தண்ணியில் சீக்கிரமே தீரும். அதைக் காலத்தில் மாற்றாவிட்டால் அடுத்தது டேங்க்தான். என் தங்கை வீட்டில் நாலாம் வருஷம் அப்படித்தான், பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஸ்டெயின்லெஸ் டேங்க் வைத்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், நான் வைத்துப் பார்த்ததில்லை. உப்பு குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணி மட்டுமே வருகிற வீட்டுக்கு என் வாதம் இவ்வளவு பொருந்தாது.

கேஸிலும் தாமிரச் சுருள் ஓட்டையானால் கதை முடிந்தது. எனக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கேஸுக்காக நான் வாதாட மாட்டேன். அடைத்த பாத்ரூமுக்குள் அதை மாட்டவே கூடாது. எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். எங்களுடையது பின்கட்டில், திறந்த வெளியில் தொங்குகிறது. குழாய் மட்டும்தான் உள்ளே போகிறது. அம்மா அறையின் பாத்ரூமுக்கு வெளிச்சுவரே இல்லை. அங்கே கரண்ட் கீசர்தான் மாட்டியிருக்கிறேன். அதன் மெக்னீசியம் கம்பியைப் பார்க்க வேண்டிய மாசத்தைக் காலண்டரில் வட்டம் போட்டும் வைத்தாயிற்று.