மேய்ச்சல் நிலத்தில் மூன்று இரவுகள்: ஒரு மின்னணு இசை விழா

விளம்பரதாரர் எவருமின்றி, நுழைவுச்சீட்டு வருவாயையும் தன்னார்வலர்களின் உழைப்பையும் மட்டுமே நம்பி, நகரத்துக்கு வெகுதொலைவில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் நடத்தப்பட்ட மின்னணு இசை விழாவில் மூன்று இரவுகள் தங்கியிருந்தேன். மேடைமேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, பெரிய திரைகளும் இல்லை. பணம் முழுவதும் ஒலியமைப்புக்கே போயிருக்கிறது என்பது முதல் ஐந்து நிமிடங்களிலேயே காதுக்குத் தெரிந்துவிட்டது.

கட்டடத்துக்குள் தாழ்ந்த ஒலிகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று குழம்பும். திறந்தவெளியில் அந்தக் குழப்பம் இல்லாததால் ஒவ்வொரு தாள அடியும் துலக்கமாகக் கேட்கிறது. ஆனால் சுவர்கள் தரும் வலுவும் அங்கே கிடைக்காது. 50 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதை வெட்டவெளியில் நெஞ்சில் உணரச் செய்ய நிறைய சப்வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கிகள்) வேண்டும், அப்படி வைத்தாலோ பக்கத்துக் கிராமத்தின் தூக்கம் கெடும். இங்கே சில சப்வூஃபர்களைப் பின்புறம் நோக்கித் திருப்பி, அவற்றின் ஒலியை மிகச் சிறிதளவு தாமதப்படுத்தி, மேடைக்குப் பின்னால் செல்லும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு அமைத்திருந்தார்கள். மேடையின் பின்பக்கம் நடந்துபோய் நின்றபோது, நண்பருடன் குரலை உயர்த்தாமலே பேச முடிந்தது. இரவில் தரை குளிர்ந்து அதன்மேல் வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது ஒலி மீண்டும் நிலம் நோக்கி வளைந்து நெடுந்தொலைவு பயணிக்கும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் பெரிய மேடையை நிறுத்திவிட்டு, மரங்களுக்கு நடுவே இருந்த சிறிய மேடைக்கு நிகழ்ச்சியை மாற்றினார்கள். இடம் கொடுத்த ஊருக்குக் காட்டிய இந்த மரியாதையே எனக்கு இவ்விழாவின் முதல் தகுதியாகப் படுகிறது.

இரண்டாம் இரவில் ஒருவர் மடிக்கணினியே இல்லாமல் பழைய கருவிகளைக் கொண்டு இரண்டு மணி நேரம் வாசித்தார். பேஸ் கிட்டாருக்கு மாற்றாகத் தயாரிக்கப்பட்டு, அந்த வேலைக்குப் பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட ரோலண்ட் டிபி-303 என்ற மின்னணுக் கருவி, 1980-களில் சிகாகோ இளைஞர்களின் கையில் ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையையே பிறப்பித்தது. அதன் வழுக்கும் ஒலியில் அவர் அவசரமின்றி, ஒரே இசைத்தொடரைச் சிறுகச் சிறுகத் திறந்துகொண்டே போன விதம் ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக இல்லை. இந்த இசை நகரத்துக்கே உரியது என்போர், டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் முன்னோடிகளான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

காதடைப்பான்களை நுழைவாயிலிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். ஒலிக் கலவை மேசையருகே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த அளவுமானி நான் பார்த்தபோதெல்லாம் அதற்குக் கீழேயே நின்றது.

குடிநீர் ஏற்பாடு மோசம். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு தொட்டி. இரண்டாம் நாள் நண்பகலில் வரிசையில் நின்ற இருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். மறுநாள் இன்னொரு தொட்டி வந்தது என்றாலும், நிழலற்ற நிலத்தில் இது முதல் நாளே இருந்திருக்க வேண்டும். கூடாரங்களுக்குச் செல்லும் பாதையில் விளக்கும் போதாது.

அடுத்த முறையும் கட்டாயம் போவேன். போக விரும்புவோர் கைவிளக்கும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு, முதல் நாள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தாளமே இல்லாத ஆம்பியன்ட் இசை அப்போதுதான் மிகத் தணிந்த ஒலியில் தொடங்குகிறது. தாமதமாக வந்த பலர் அதைத் தவறவிட்டார்கள்.