குட்டிக்கு மட்டும் வழிவிடும் இரும்புப் படல்: வாங்கலாமா?

தாராபுரம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து தருகிறார்கள். தாயாடு நுழைய முடியாது. குட்டி மட்டும் கம்பிச் சந்தில் புகுந்து தீவனம் தின்னும். ஆறடி நீளப் படல் நான்கு, ஒரு தீவனத் தொட்டி, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காடு) மேச்சேரி இனச் செம்மறி ஆடு மேய்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் தொட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் குட்டிகள் பெரும்பாலும் தையில் பிறப்பவை. மாசி, பங்குனிக்குள் கொழுக்கட்டைப் புல் காய்ந்து சத்தில்லாமல் போய்விடும். தாயின் பாலும் ஈன்ற ஒரு மாதத்துக்கு மேல் இறங்குமுகம்தான். அந்த நேரத்தில் கொஞ்சம் அடர்தீவனம் உள்ளே போனால்தான் குட்டியின் இரைப்பை சீக்கிரம் பழகும், எடையும் ஏறும். காட்டில் சும்மா கொட்டி வைத்தால் தாயாடுகளே நக்கித் தீர்த்துவிடும். குட்டியைப் பிடித்துத் தனியாக அடைத்தாலோ, தாயைத் தேடிக் கத்துமே தவிர வாய் வைக்காது. படலுக்குள் நின்றால் தாய் கண்ணெதிரே தெரிகிறது. அதனால்தான் நிம்மதியாகத் தின்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நேர்க்கம்பிகளை நகர்த்தும் வசதி. கம்பி இடைவெளியை 5 அங்குலத்திலிருந்து 8 வரை மாற்றலாம். சின்னக் குட்டிக்கு 6 வைத்து, வளர வளர அகலப்படுத்துகிறேன். மேச்சேரிக்குக் கொம்பு கிடையாது என்பதால் தலை மாட்டிக்கொள்ளும் பயமில்லை. கம்பி உருட்டுக் கம்பி, விலாவில் கீறாது. ஆனால் போல்ட்டு முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

தொட்டி பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து செய்தது. குட்டிகள் உள்ளே ஏறி நின்று புழுக்கை போட்டுவிடுகின்றன. அந்தத் தீவனத்தைத் தின்றால் ரத்தக் கழிச்சல் வரும். மேலே குறுக்குக் கம்பி வைத்த தொட்டியாகத் தனியே செய்துகொள்வது நல்லது.

படலை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். மத்தியானம் ஆடுகள் வெள்வேல மரத்தடியில் படுத்து அசைபோடுமே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அங்கேதான் போட வேண்டும். காட்டின் மூலையில் போட்டால் ஒரு குட்டியும் எட்டிப் பார்க்காது. ஆரம்பத்தில் அகத்திக் கொத்து இரண்டை உள்ளே கட்டித் தொங்கவிட்டால் தானாகவே நுழையும்.

தீவனம் நானே கலக்கிறேன். 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்பு 2, சாதா உப்பு 1. மாட்டுத் தீவன மூட்டையைப் பிரித்து வைக்காதீர்கள்; யூரியா கலந்திருந்தால் குட்டிக்கு ஆபத்து, தாமிரம் அதிகமானால் செம்மறி தாங்காது. இரண்டாவது வாரத்தில் ஒரு கைப்பிடியில் தொடங்கி, மூன்று மாதத்துக்குள் குட்டிக்கு 200, 250 கிராம் வரை மெதுவாக ஏற்றலாம். திடீரென அள்ளி வைத்தால் கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயில் விழும். சினையாடுகளுக்கு ஈனும் முன்பே அந்தத் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் உயரம். மூன்றடிப் படல் செம்மறிக்குப் போதும். வெள்ளாடும் சேர்த்து வளர்ப்பவர்கள் நாலரை அடியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் தாண்டிக் குதித்து உள்ளே வந்துவிடும்.