ஏற்காடு குளிருக்கு தரை ஹீட்டிங்கா, ரேடியேட்டரா? ரெண்டும் வச்சிருக்கற வீட்டு அனுபவம்

சேலத்துல தை மாசமும் ஃபேன் போட்டுத்தான் தூங்கறோம், ஆனா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்துட்டா கதையே வேறங்க, மார்கழி ராத்திரி டைல்ஸ்ல வெறுங்கால் வச்சா உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுனு ஏறும். அம்மாவுக்கு மூட்டு வலி வேற. அதான் அவங்க ரூம்ல டைல்ஸுக்கு அடியில எலக்ட்ரிக் ஹீட்டிங் மேட் (கரண்ட்ல சூடாகற வயர் பதிச்ச பாய்) போட்டோம், ஹால்ல 2000 வாட்ஸ் ஆயில் ரேடியேட்டர், அதாவது உள்ள எண்ணெய் அடைச்ச கரண்ட் ஹீட்டர். பல குளிர்காலமா ரெண்டும் ஓடுது.

ரேடியேட்டர் போட்ட கொஞ்ச நேரத்துல சூடு தெரியும், அது நிஜமாவே நல்ல விஷயம். ஆனா அது பெரும்பாலும் காத்தைத்தான் சூடாக்குது, சூடான காத்து மேல போயிரும், எங்க ஹால் பழைய ஓட்டு வீடு, கூரை உசரம், அதனால மூஞ்சி கதகதன்னு இருக்கும் கால் ஐஸாவே கிடக்கும். கதவைத் திறந்தா போச்சு.

தரை அப்படியில்ல. சாயங்காலமே ஆன் பண்ணிரணும், சூடேற லேட்டாகும். ஏறிட்டா கரண்ட் போனாலும் ரொம்ப நேரம் வெதுவெதுப்பு நிக்குது, மழைக்காலத்துல எங்க பக்கம் இதுவே பெரிய உபகாரம். தொட்டா சுடாது, ஐரோப்பாவுல ஆள் புழங்கற இடத்துக்கு தரைச் சூடு 29 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னே கணக்கு வச்சிருக்காங்க. அம்மா இப்ப விடியக்காலம் சாக்ஸ், செருப்பு எதுவும் இல்லாம கட்டில்ல இருந்து இறங்கி நேரா சாமி விளக்கேத்த போறாங்க, எனக்கு அது போதும்.

தரை ஹீட்டிங்னா கரண்ட் பில் தானா குறையும்னு சொல்றத அப்படியே நம்பாதீங்க. வெளிநாட்டுல தரைக்கடியில பைப்ல சுடுதண்ணி ஓடும், 35–45 டிகிரி தண்ணியே போதும், அங்க சுவர்ல மாட்டற சுடுதண்ணி ரேடியேட்டருக்கு 60–70 வேணும், அதனால ஹீட் பம்ப் (வெளிய இருக்கற சூட்டை இழுத்து தண்ணிக்கு ஏத்தற மெஷின்) வச்சா அங்க மிச்சம். நம்ம எலக்ட்ரிக் மேட்டும் ஆயில் ரேடியேட்டரும் ஒரு யூனிட்டுக்கு தர்ற சூடு ஒண்ணேதான்.

போடறதா இருந்தா அடியில இன்சுலேஷன் போர்டு கண்டிப்பா வேணும், இல்லாட்டி நிறைய சூடு மண்ணுக்குள்ள போயிரும். டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வச்சு மேட் வயரோட ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) பாக்கச் சொல்லுங்க, ரெண்டு ரீடிங்கும் ஒத்துப்போகணும், வயர் அறுந்திருந்தா அப்பவே தெரிஞ்சிரும். கால் இல்லாத பீரோவை மேட் மேல வைக்காதீங்க, சூடு வெளிய வர வழியில்லாம வயர் கெட்டுரும்.

சனி ஞாயிறு மட்டும் வந்து தங்கற எஸ்டேட் வீட்டுக்கு ரேடியேட்டரே வாங்குங்க, 15 ஆம்ப்ஸ் பிளக் மட்டும் சரியா இருக்கணும். வயசானவங்க வருஷம் பூரா இருக்கற வீடுன்னா யோசிக்காம தரைதான். எங்க ஹால் தரையை உடைக்கற வேலை வந்தா அங்கயும் மேட் போட்டுருவேன்.