உழவர் கூட்டம்: மண்டபத்திலா, வயலிலா?

உழவர்களுக்குக் கல்விக் கூட்டம் நடத்தலாம் என்றதுமே எழும் கேள்வி, மண்டபக் கருத்தரங்கா, வயல் விழாவா என்பது. இரண்டையும் நடத்திப் பார்த்ததில் என் ஓட்டு வயலுக்குத்தான். மண்டபத்தின் வசதி எல்லோருக்கும் தெரியும்: மழை வந்தாலும் நடக்கும், நாற்காலி, ஒலிபெருக்கி, கழிப்பறை எல்லாம் தயார். வயலில் இவை அத்தனையையும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆனால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பற்றித் திரையில் எத்தனை படம் போட்டாலும், தூரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அப்பியிருக்கும் பூச்சியைக் காட்டுவதற்கு ஈடாகாது. தட்டினால் தண்ணீரில் உதிரும். கூடவே அதைத் தின்னும் சிலந்தியும் விழும். கண்ட மருந்தையும் அடித்தால் சிலந்தி செத்து, அப்புறம் புகையான் பெருகும் என்று அங்கே நின்று சொன்னால் யாரும் கொட்டாவி விடுவதில்லை. 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளின் வழியும் இதுதான்: சுமார் 25 பேர், வாரம் ஒருமுறை, பருவம் முழுக்க வயலிலேயே பாடம்.

சரி, ஆள் வருவார்களா? அதைத் தீர்மானிப்பது தேதி. வயலில் பார்க்க ஏதாவது இருக்கும் நாட்களில்தான் உழவருக்கும் வேலை நெருக்கும். அவர் ஓய்வாக இருக்கும்போது வயலில் அறுத்த தாள்தான் மிச்சம். மண்டபத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் பெரிய பலமே அதுதான். வயலென்றால் நடவு, களையெடுப்பு, அறுவடை மூன்றையும் தவிர்த்து, கதிர் வந்து முற்றும் இடைவெளியைப் பிடிக்க வேண்டும். விதைத்த நாள் தெரியாமல் தேதி குறிக்க முடியாது; மழைக்கு ஒரு மாற்று நாளும் வேண்டும். வெளியூர்ப் பேச்சாளர் அதுவரை நாள் ஒதுக்கிக் காத்திருக்க மாட்டார். போகட்டும், வயல்காரரே பேசினால் கேள்விகள் கூடுதலாக வருகின்றன. நேரம் காலைக் கறவைக்குப் பின், மாலைக் கறவைக்கு முன். ஒவ்வொரு செயல்விளக்கத் திடலிலும் 20 நிமிடம், வாழ்த்துரை கிடையாது.

ஒப்பிட்டுக் காட்ட மருந்தடிக்காத ஒரு துண்டு விட்டுவைத்தால், அந்த நட்டம் யாருக்கு என்பதை முன்பே பேசிவிடுங்கள். 1903-இல் டெக்சாஸின் டெரல் ஊரில் அமெரிக்க வேளாண் கல்வியாளர் சீமான் நாப் (Seaman Knapp) செயல்விளக்கப் பண்ணை அமைத்தபோது, உழவருக்கு இழப்பு வந்தால் ஈடுகட்ட உள்ளூர்க்காரர்கள் நிதி திரட்டி வைத்தார்கள்.

கடன், காப்பீடு, சந்தை என்று காகிதம் பார்த்துப் பேச வேண்டியவற்றுக்கு மண்டபம்தான் சரி. வெயிலில் நின்று படிவம் நிரப்ப முடியாது. கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் எனக்கு அனுபவம் குறைவு. பல பண்ணைகளிலிருந்து வருபவர்கள் ஒரே தொழுவத்துக்குள் நுழைந்தால் நோய் பரவ வழியுண்டு என்பதால், அங்கே வயலைப் போல இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.