ஹட்டன் குளிரில் காலேஜ் புட்போல் 25

பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கியது என் தப்புத்தான். கண்டியில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் வீடியோ கேம் டிஸ்க். மேலே அமெரிக்கக் கல்லூரி அணிகளின் புட்போல் கேமான காலேஜ் புட்போல் 25 என்றுதான் போட்டிருந்தது. ஹட்டனுக்கு வந்து திறந்தால் உள்ளே கிரிக்கெட். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கினிகத்தேனை, கம்பளை என்று பஸ்ஸில் ஆடி அசைந்து போய் மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அதனால் கடைப் பெயரை விட்டுவிடுகிறேன்.

ப்ளேஸ்டேஷன் 5 என்னுடையது இல்லை. தங்கச்சி மகன் டோஹாவிலிருந்து லீவில் கொண்டுவந்தது. அவனுக்கு சாதாரண புட்போல் கேம் போதும். இது வேண்டும் என்று அடம்பிடித்தது நான். பள்ளிக்கூடத்தில் ரகர் (ரக்பி) ஆடியவன், இரண்டு பக்கமும் தலை கொடுத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசை, இப்போது வயது நாற்பத்தாறு, கழுத்து மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். அமெரிக்க புட்போல் ரகருக்குத் தூரத்துச் சொந்தம். நாலு தடவைக்குள் பத்து யார், அதாவது பத்து கஜம், முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. இவ்வளவு தெரிந்தால் உட்கார்ந்து ஆடலாம், மிச்சத்தை உதைபட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

கேம் வந்தது 2024 ஜூலை 19இல். இதற்கு முந்தையது 2013இல். நடுவில் பதினோரு வருடம் ஒன்றும் இல்லை. மாணவர்களின் உருவத்தைப் போட்டு விற்றுவிட்டு அவர்களுக்கு ஒரு சதம்கூடக் கொடுக்காததால் வந்த வழக்குதான் காரணம். எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் 2009இல் போட்ட வழக்கு. பிறகு 2021இல் விதி மாறியது, மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இந்தக் கேமுக்குச் சம்மதித்தவர்களுக்கு ஆளுக்கு 600 டொலரும் ஒரு கேமும். அது குறைவு என்று அங்கே ஒரு சண்டை. சம்பளச் சண்டை இல்லாத மலை எங்கே இருக்கிறது?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: அடிக்குக் கணக்கு வைக்கிறார்கள். ஒருவனுக்குத் தோளில் அடி விழுந்தால் தோளில் எழுதப்படும், முழங்காலில் விழுந்தால் முழங்காலில். மெனுவில் அவனுடைய உடம்புப் படத்தைப் பார்த்தால் எந்த இடம் நொந்திருக்கிறது என்று நிறம் காட்டும். நொந்த இடத்துக்கேற்ப அவன் வேகமும் பலமும் குறையும். அடுத்த கிழமைக்குள் முழுதாக ஆறாவிட்டால் அந்த வலியோடுதான் அடுத்த மேட்ச். ஸ்க்ரமில் தலை கொடுத்தவனுக்குத்தான் இது எவ்வளவு உண்மை என்று தெரியும். மற்ற கேம்களில் எண்பது நிமிடம் ஓடினாலும் பசங்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்த முகத்தோடு அப்படியே நிற்பார்கள்.

மருமகன் எடுப்பது எப்போதும் ஒரேகன் கல்லூரி. தூரமாக எறிவான், வேகமாக ஓடுவான், ஜெர்சி மாற்றி மாற்றிப் பார்ப்பான். நான் ஆமி. நம்மூர் ஆமி என்று நினைத்துவிட வேண்டாம், வெஸ்ட் பொயின்டில் இருக்கும் இராணுவக் கல்லூரி. அவர்கள் பந்தை எறிவதே அபூர்வம். 'ட்ரிபிள் ஒப்ஷன்' என்று ஒரு பழைய வித்தை வைத்திருக்கிறார்கள். எக்ஸ் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் பந்து நடுவில் பாயும் தடியனுக்குப் போகும். விரலை எடுத்தால், பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கே அதை வைத்துக்கொண்டு ஓரமாக ஓடுவான். எதிராளி அவனைப் பிடிக்க வரும்போது எல் 1ஐத் தட்டினால் பந்து பக்கத்தில் வருகிறவனுக்கு. மூன்றையும் முடிவு செய்ய ஒரு நொடி. பார்க்க வேண்டியது பந்தை இல்லை, ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு எதிராளியின் தோளை. அவன் உள்ளே திரும்பினால் வெளியே, வெளியே திரும்பினால் உள்ளே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, மெஷின் சூட்டுக்கு அதன் பின்னால் பூனை படுத்திருந்தது. மேட்ச்சை நாலாகப் பிரித்ததில் முதல் பங்கு, அதாவது முதல் குவார்ட்டர், முழுவதும் பந்து என்னிடமே. மூன்று யார், நாலு யார், இரண்டு யார். "மாமா, அதையேதானா திரும்பத் திரும்ப?" என்றான். மூன்றாவது குவார்ட்டரில் அவனுடைய நடு ஆட்கள் இரண்டு பேர் நொந்துபோய் கை நீட்டிப் பிடிக்க முடியாமல் விழுந்தார்கள். அதே வித்தையை ஆடினேன், இந்தத் தடவை அறுபது யார். பொய் சொல்லவில்லை, எழுந்து நின்று கத்தினேன். பூனை ஓடிவிட்டது.

இது கேமில் மட்டும் நடப்பதும் இல்லை. 2023 நவம்பரில் மிச்சிகன் கல்லூரி, பென் ஸ்டேட்டோடு ஆடிய மேட்ச்சில் கடைசி 32 தடவையும் பந்தை எறியாமல் ஓட்டம்தான். 24-15 என்று ஜெயித்தது. அந்த சீசன் கிண்ணமும் அவர்களுக்கே.

வெளியூர் மைதானம் இன்னொரு அழகு. டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கைல் பீல்டில் ஒரு லட்சத்துக்கு மேல் சனம். இரைச்சல் கூடும்போது திரை ஆடும், எங்கே ஓட வேண்டும் என்று காட்டும் கோடுகள் புழு மாதிரி நெளியும். ஹட்டன் டன்பார் மைதானத்தில் எதிர்த் தோட்டத்துக்காரர்கள் தகரத்தைத் தட்டும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

இனி கொன்பரன்ஸ் சமாசாரம். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் குழுதான் கொன்பரன்ஸ். மேற்குக் கரையில் பெக் 12 என்று ஒன்று, வேர் 1915இல். 2022 ஜூன் 30இல் லொஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய கல்லூரிகள் பிக் டென் என்ற இன்னொரு குழுவுக்குப் போவதாகச் சொன்னன. அடுத்த வருடம் கொலராடோ கிளம்பியது. 2023 ஓகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து. செப்டெம்பரில் இன்னும் இரண்டு. பன்னிரண்டில் மிச்சம் ஒரேகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட். எல்லாம் டீவி காசு. பிக் டென்னின் ஏழு வருட டீவி ஒப்பந்தம் 700 கோடி டொலருக்கு மேல். பெயர் டென், கல்லூரிகள் 18. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் இப்போது அட்லான்டிக் கரைக் குழுவில்! நியூ ஜேர்சியின் ரட்கர்ஸிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் போக கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். நம் தீவின் முழு நீளமே 430தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1992இல் அரசாங்கத் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நான் பையன். அதுவரை ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தோடுதான் எங்களுக்குத் தீபாவளி மேட்ச். காலில் சப்பாத்து இருந்தால் பெரிய விஷயம், மேட்ச் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே வீட்டில் சாப்பாடு, பாதிப் பேர் சம்பந்திகள். அந்தத் தோட்டம் வேறு கம்பனிக்குப் போனது. பிறகு கம்பனிக்குள் கிண்ணம் என்றார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு லொறி ஏறி களுத்துறைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துக்குப் போய், அந்தப் புழுக்கத்தில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். கிண்ணம் பெரிதுதான். அந்த ஊர்ப் பெயர்கூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

கேமில் 2024இன் வரைபடம் அப்படியே இருக்கிறது, பெக் 12இல் இரண்டே இரண்டு பேர். ஆனால் டைனஸ்டி என்ற பகுதியில் கொன்பரன்ஸை நாமே மாற்றலாம். ஒரு போயா தினம் முழுவதும் உட்கார்ந்து பன்னிரண்டு பேரையும் பழைய வீட்டுக்குக் கூட்டிவந்தேன். "மாமா, மேட்ச் ஆடாமல் என்ன கிளார்க் வேலை?" என்றான் மருமகன். ஒக்லஹோமாவையும் ஒக்லஹோமா ஸ்டேட்டையும் ஒன்றாக வைத்தேன். அவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள், 2023 நவம்பரோடு அந்த மேட்ச் நின்றுபோனது. டெக்சஸையும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மையும் மட்டும் தொடவில்லை. 2011இல் பிரிந்தவர்களை இந்த இடமாற்றம்தான் 2024இல் மறுபடி சேர்த்துவைத்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மற்றவை: கணினியில் ஆட முடியாது, பிஎஸ் 5 அல்லது புதிய எக்ஸ்பொக்ஸ் வேண்டும். டிஸ்க் போட்டதும் பெரிய அப்டேட் கேட்கும், நைட் டேட்டா இருக்கும்போது போடுங்கள். நிஜப் பயிற்சியாளர்கள் இதில் இல்லை, 2025 ஜூலையில் வந்த அடுத்த கேமான 26இல்தான் சேர்த்தார்கள். 25 இப்போது பாதி விலைக்குக் கிடைக்கும்போது நான் 26க்குப் போகவில்லை. வர்ணனை எனக்கு ஒத்துவரவில்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டு வானொலியில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டே ஆடுகிறேன்.

பத்துக்கு எட்டு. ஒன்றரை வர்ணனைக்காகக் கழித்தது, அரை அந்த கிரிக்கெட் டிஸ்க்குக்காக.