சிகாகோ தெருவைக் கட்ட எது சரி: அட்டையா, ஃபோம் போர்டா, எம்டிஎஃப்பா?

1920களின் சிகாகோவை மேசைமேல் கொண்டுவர நினைப்பவருக்கு முதல் கவலை எண்ணிக்கைதான். சிறு பொம்மைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும், அமெரிக்க மதுவிலக்குக் காலத்து (1920 முதல் 1933 வரை) கேங்ஸ்டர் ஆட்டத்தில் தோட்டா பறப்பது நெருக்கி நிற்கும் செங்கல் கட்டடங்களுக்கு நடுவே. நாலே நாலு வீட்டை மேசையில் தள்ளித்தள்ளி வைத்தால், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நகரமாகத் தெரியாது. அதனால்தான் முகப்பை அச்சிட்டு மடித்து ஒட்டும் அட்டை, இரண்டு காகிதங்களுக்கு நடுவே நுரை வைத்த ஃபோம் போர்டு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஆகிய மூன்றில் அட்டைக்கு என் ஓட்டு. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்குப் பொதுவாக 1/56 விகிதம் ஒத்துவரும். சிகாகோவின் வழக்கமான மனை 25 அடி அகலம், 125 அடி ஆழம். 1/56-இல் அகலம் 136 மி.மீ. ஆகிறது. மாடிக்கு 12 அடி என்று வைத்தால் மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் சுமார் 20 செ.மீ. அதாவது ஒரு முழு முகப்பு, மேலே கைப்பிடிச் சுவரோடு, ஒரே ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடுகிறது. 66 அடித் தெரு 36 செ.மீ., 16 அடிச் சந்து 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மூன்றடிக்கு மூன்றடி மேசையில் தெருவின் ஒரு பக்கத்தில் ஆறு மனையும் ஒரு சந்தும் கச்சிதமாக உட்காரும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு கட்டடம். மனையின் முழு ஆழம் 68 செ.மீ. வரும், அதைக் கட்ட வேண்டியதில்லை. 19 செ.மீ.யில் நிறுத்தினால் பின்னால் சந்துக்கும் இடம் கிடைக்கும்.

இந்தப் பன்னிரண்டு என்ற எண்தான் அட்டையை ஜெயிக்க வைக்கிறது. மேலே சொன்ன அளவில் ஒரு கட்டடத்துக்கு, கூரையோடு சேர்த்து, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டை என்றால் எடை சுமார் 40 கிராம். அதையே 3 மி.மீ. எம்டிஎஃப்பில் செய்தால் 350 கிராமைத் தொடும். பன்னிரண்டும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கும் நாலு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒட்டாமல் மடித்து மட்டும் வைத்தால் அட்டைத் தெரு முழுக்க ஒரு ஃபைலுக்குள் அடங்கும்.

அட்டையில் கெட்டுப்போவது பெரும்பாலும் மடிப்பில்தான். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறிவிட்டு மடிக்க வேண்டும். லேசர் பிரிண்ட் என்றால் மடிப்பில் டோனர் உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரியும். செங்கல் நிற வாட்டர்கலர் பென்சிலை லேசாக ஈரப்படுத்தி அந்த விளிம்பில் ஓட்டினால் மறைந்துவிடும். வெட்டிய எல்லா ஓரத்துக்கும் இதையே செய்யுங்கள். காகித வேலை என்று காட்டிக்கொடுப்பது அந்த வெள்ளை ஓரம்தான். இங்க்ஜெட் பிரிண்டில் சிக்கல் வேறு: பசையின் ஈரம் பட்டால் மை கலங்கும். ஒட்டுவதற்கு முன்பே மேட் கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் ஊரில் சுவர் வளையாமல் இருக்க, உள்ளே குறுக்கே ஒரு அட்டைத் தடுப்பும் அவசியம்.

சரி, அட்டை எங்கே தோற்கிறது? ஜன்னலில். 1926 அக்டோபர் 11-ஆம் தேதி சிகாகோ கேங்ஸ்டர் தலைவர் ஹைமி வைஸ் கொல்லப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் தெருவில் ஹோலி நேம் தேவாலயத்துக்கு எதிரே இருந்த பூக்கடைதான் அவருடைய தலைமையிடம். பக்கத்துக் கட்டடத்து வாடகை அறையின் ஜன்னலில் துப்பாக்கியோடு காத்திருந்தவர்கள், அவர் தெருவைக் கடந்து வரும்போது சுட்டார்கள். தேவாலயத்தின் அடிக்கல் வரை குண்டு பாய்ந்தது. இந்தச் சண்டையை ஆட வேண்டுமானால் மாடியில் பொம்மை நிற்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அங்கிருந்து யார் கண்ணில் படுகிறார் என்று குனிந்து பார்க்க வேண்டும். அச்சடித்த ஜன்னலால் இது ஆகாது. அட்டையில் ஜன்னலை வெட்டித் திறந்தாலும் சுவர் தாள் மாதிரி மெல்லிசாகத் தெரியும்.

இங்கேதான் 5 மி.மீ. ஃபோம் போர்டு அருமையாகப் பொருந்துகிறது. 1/56-இல் அந்தத் தடிமன் நிஜத்தில் 28 செ.மீ., கிட்டத்தட்ட ஓர் அடிச் செங்கல் சுவர். ஜன்னலை வெட்டியதுமே சரியான ஆழம் தானாக வந்துவிடும். மாடிகளைத் தனித்தனிப் பெட்டியாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாம். மூலையில் ஒரு பக்கக் காகிதத்தையும் நுரையையும் 5 மி.மீ. அகலத்துக்குச் சீவிவிட்டு, மிஞ்சும் வெளிக்காகிதத்தால் அடுத்த சுவரின் விளிம்பை மூடி ஒட்டினால் வெள்ளை நுரை வெளியே தெரியாது. கவனம், அதே கிளியர் ஸ்ப்ரே நுரைமேல் பட்டால் அரித்துவிடும். அச்சிட்ட செங்கல் தாளுக்குத் தனியாக ஸ்ப்ரே அடித்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். நேரம் அட்டையைவிடப் பல மடங்கு பிடிக்கும். பன்னிரண்டையும் இதில் கட்டக் கிளம்பினால் பாதித் தெருவில் அலுத்துப்போகும்.

எம்டிஎஃப் கிட்டுகள் உறுதியானவை, சந்தேகமே இல்லை. முழங்கை பட்டாலும் அசையாது. ஆனால் விலை அதிகம், மூலைகளில் பல் பல்லாகக் கோத்த இணைப்பு தெரியும், தட்டைச் சுவருக்குச் செங்கலை நீங்களே ஒட்டவோ வரையவோ வேண்டும். அது ஜொலிக்கும் இடம் வேறு: சிகாகோ வீடுகளின் பின்பக்கம் சந்துப் பக்கமாக நிற்கும் மரப்படிக்கட்டும் தாழ்வாரமும், தெருவுக்கு மேலே ஓடும் ரயில்பாதையின் தூண்களும். மெல்லிய கம்புகளாக நிற்கும் இவற்றை அட்டையில் செய்தால் ஒரே ஆட்டத்தில் வளைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் கலவை: பத்துக் கட்டடம் அட்டையில், இரண்டு ஃபோம் போர்டில், படிக்கட்டு மட்டும் எம்டிஎஃப்பில். ஃபோம் போர்டில் ஒன்று ஜன்னல்வழிச் சண்டைக்கான மாடிக் கட்டடம். இன்னொன்று கராஜ், கூரையைக் கழற்றும்படி. வாலண்டைன் தினப் படுகொலையில், 1929 பிப்ரவரி 14 அன்று, நார்த் கிளார்க் தெரு 2122-இல் ஏழு பேரை நிற்கவைத்துச் சுட்டது கராஜின் உள்சுவர் ஓரமாகத்தான். உள்ளே கை போகாத கராஜை வைத்து அந்த ஆட்டத்தை ஆட முடியாது. வாசலை மட்டும் விகிதத்தைவிடப் பெரிதாக வெட்டுங்கள். மூன்றடிக் கதவு 1/56-இல் 16 மி.மீ.தான், பொம்மையின் அடித்தட்டோ 25 மி.மீ.