தொடை நோவுக்குப் பனடோல் தந்து அனுப்பினார்கள்

தும்மினால், இருமினால் சலம் (சிறுநீர்) கசிகிற வருத்தம் எனக்கு நாலு வருசமாக இருந்தது. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனாலும் வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வருவேன். இதை வெளியில் சொல்ல வெட்கப்படும் பெண்கள் திருகோணமலையில் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் “சின்ன ஒபரேஷன், அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம்” என்றார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சீனி வருத்தமும் உண்டு. அதை ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் வலது தொடையின் உட்பக்கம், கவட்டுக்குக் கிட்ட நோ தொடங்கியது. காலை அகட்ட முடியவில்லை. இரவில் நடுக்கத்தோடு காய்ச்சல். போன் எடுத்தால், “தையல் நோதான், பனடோல் போடுங்கோ.” இரண்டு தரம் நேரிலும் போனேன். நொந்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் கெட்ட மணத்தோடு மஞ்சள் நீர் வரத் தொடங்க, மகள் ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கேனில் தொடைத் தசைக்குள் சீழ். “உள்ளே வலை நாடா வைத்திருக்கிறார்கள், தெரியுமா அம்மா?” என்று டொக்டர் கேட்டார். எனக்குத் தெரியாது.

சலக்குழாயைக் கீழிருந்து தாங்க வைக்கும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நாடா அது. ஒரு முறையில் அதன் இரண்டு முனையையும் தொடைப் பக்கமாக எடுப்பார்கள். அதில் கிருமி பிடித்தால் சீழ் தொடைக்குள் இறங்கும். மருந்து மட்டும் போதாமல் நாடாவையே எடுக்க வேண்டியும் வரலாம். எனக்கு எடுத்தார்கள். காயத்துக்குள் வைத்த துணியை ஒவ்வொரு காலையும் உருவி மாற்றும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இப்படி அரிதாகத்தான் நடக்கும் என்று அங்கே சொன்னார்கள். சரி, கிருமி எவருக்கும் வரலாம். ஆனால் வலை வைப்பதைச் சொல்லாமல் விட்டதும், காய்ச்சல் என்று சொன்னவளைத் திருப்பி அனுப்பியதும் கிருமியின் குற்றமில்லை. 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த வலை வைப்பதையே நிறுத்திவைத்தது. முதலில் மூன்று மாதமாவது இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (சலத்தை அடக்கும் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி) செய்து பார்க்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். ஒபரேஷனுக்கு முன் என்ன வைக்கப்போகிறார்கள் என்று தமிழில் கேட்டு எழுதி வாங்குங்கோ. பிறகு காய்ச்சலோ தொடை நோவோ வந்தால் போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ.